ஒரு கையகலம் உயர்ந்த தரை

ஜனவரி 11

என் ஒட்டடைக்கு,

குருவி எழுதுகிறேன். நலமா என்று கேட்கிற மனநிலையில் இல்லை. அப்பா விழுந்த கதையை மூன்று வரியில் முடித்துவிட்டு, நாலாவது வரியில் நீ வேலை பார்க்கிற பல் டாக்டர் புது நாற்காலி வாங்கியதை எழுதியிருக்கிறாயே, உன்னை என்ன செய்தால் தகும்? பள்ளிக்கூடத்திலும் நீ இப்படித்தான். கணக்கில் கோட்டை விட்டதை, மழை வரும் போலிருக்கிறது என்பது மாதிரி சொல்வாய். உன்னை என் அண்ணனுக்குக் கட்டி வைத்தது என் தப்பு. அண்ணன் போன பிறகும் அப்பாவைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறாயே என்றுதான் உன்னைச் சும்மா விடுகிறேன்.

கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கிற அந்த மேடுதானே தடுக்கியது? எனக்குத் தெரியும். நம் வீட்டுத் தரை ஒரு தரையா? கூடத்தில் சின்னச் சின்ன ஓடு, நடையில் மரப்பலகை, சமையலறையில் கருங்கல், பாத்ரூம் வாசலில் எங்கேயோ மிச்சம் விழுந்த நாலு சில்லு. அப்பா பஸ் ஓட்டிய காலத்தில் எது கிடைத்ததோ அதைக் கொண்டுவந்து பதித்துக்கொண்டே போனார். கண் தெரிகிறவர்களே அதில் தடுமாறுவார்கள். அப்பாவுக்கோ இரண்டு கண்ணும் போய்விட்டது.

நான் வேலை பார்க்கிற ஹோட்டலின் முன்கூடத்தை நீ பார்க்க வேண்டும். வாசலிலிருந்து லிஃப்ட் வரை ஒரே தரை. கான்கிரீட்தான், ஆனால் பாலிஷ் போட்டு, அசையாத தண்ணீர் மாதிரி இருக்கும். அடியில் காப்புப் பலகை விரித்திருப்பதால் மண்ணிலிருந்து குளிர் ஏறாது. ஒரு மேடு கிடையாது, ஒரு இடுக்கு கிடையாது. பார்த்ததுமே அப்பா ஞாபகம்தான் வந்தது. வீடு முழுக்க அப்படிப் போட்டுவிடலாம். அடுத்த வருஷம் நாங்களும் வந்து அங்கேயே தங்கிவிடலாமா என்று இவரும் யோசிக்கிறார்.

நீ சரி என்று சொல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். கடைசி இரண்டு பத்தியை மட்டும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டாதே. மீதியை வழக்கம்போல ராகம் போட்டு வாசி.

முத்தங்களுடன்,
உன் குருவி


பிப்ரவரி 2

குருவி மகாராணிக்கு,

ஒட்டடை வணங்கி எழுதுவது. மாமா நலம். நெற்றி வீக்கம் வடிந்துவிட்டது. டாக்டர் நாற்காலியும் நலம்.

சொன்னபடி இரண்டு பத்தியை விட்டுவிட்டு வாசித்தேன். "என்ன, கடிதாசி இந்தத் தடவை இவ்வளவு குட்டியா இருக்கு?" என்றார். அவர் காதை ஏமாற்றுவது கஷ்டம்.

மறைக்காமல் சொல்கிறேன், எனக்கும் ஆசையாக இருக்கிறது. இந்த மலையூர்க் குளிர்காலத்தில் உன் வீட்டுத் தரையில் நின்று சமைத்துப் பார். குளிர் உள்ளங்கால் வழியாக ஏறி முழங்காலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு வாத்து மாதிரி நடக்கிறேன். தரை மேஸ்திரியை வரச்சொல்லிப் பார்த்தேன். பழையதைப் பெயர்த்துவிட்டு, பிளாஸ்டிக் விரித்து, காப்புப் பலகை அடுக்கி, கம்பி வலை வைத்து, மேலே கான்கிரீட் கொட்டுவார்களாம். மண்ணைத் தோண்டி இறக்கினால் தரை பழைய மட்டத்திலேயே நிற்குமாம்; ஆனால் நாள் பிடிக்கும். தோண்டாமல் போட்டால் ஒரு கையகலம் உயருமாம். கதவுகளின் அடியை அறுத்துவிட்டால் போதும் என்கிறார். நீயே முடிவு செய்.

ஒன்று மட்டும். மாமா இந்த வீட்டில் எப்படி நடக்கிறார் என்று நீ பார்த்ததில்லை. கண் போன பிறகு நீ வந்து போனது ஒரே வாரம், அதிலும் பாதி நாள் கடைகண்ணி. நான் வேலைக்குப் போன பிறகு பகல் முழுக்க அவர் தனியாகத்தான் இருக்கிறார். ஒருநாளும் பிசகியதில்லை. கூடத்து ஓடு காலுக்கு வழவழப்பாக இருக்கும். பலகை முனகினால் நடை வந்துவிட்டது என்று அர்த்தம். கல் சில்லென்று பட்டால் சமையலறை. அந்த நாலு சில்லைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பாத்ரூம் கதவைத் திறப்பார். "சமையல்கட்டு வந்தாச்சு, இறங்குறவங்க இறங்கலாம்!" என்று தனக்குத்தானே குரல் கொடுத்துக்கொண்டு போவார். அன்றைக்கு விழுந்தது மேட்டில் தடுக்கி அல்ல. நான் வழியில் வைத்துவிட்டுப் போன வாளியில் தடுக்கி. அதை எழுதக் கூச்சமாக இருந்தது.

அதனால் நீயே அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. நான் மெதுவாகப் பேச்செடுத்தபோது, "தரைக்கு என்னம்மா, நல்லாத்தானே கெடக்கு?" என்றார்.

அன்புடன்,
ஒட்டடை


பிப்ரவரி 20

அருமை அண்ணிக்கு,

(பார், மரியாதை எல்லாம் கொடுத்து எழுதுகிறேன்.)

அப்பாவிடம் போனில் பேசினேன். "சின்ன ரிப்பேர்ப்பா, கொஞ்ச நாள் வெளியில இருக்கணும்" என்று சொன்னேன். "உனக்கு எது சரின்னு படுதோ செய் பாப்பா" என்றார். போதாதா? இதற்கு மேல் விளக்கினால் குழம்பிப்போவார். வயசானவர்களிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு காரியமும் நடக்காது. முடிந்த பிறகு கால் வைத்துப் பார்க்கட்டும், அவரே சொல்வார்.

தோண்ட வேண்டாம். ஆகஸ்டில் நான் வரும்போது தரை தயாராக இருக்க வேண்டும். ஒரு கையகலம் உயர்ந்தால் என்ன குடி முழுகிவிடும்? எல்லா அறையும் ஒரே நிறம், ஒரே பாலிஷ். மேஸ்திரியிடம் கண்டிப்பாகச் சொல், நடுவில் பட்டை, கோடு, பூ என்று எதையாவது போட்டு வைக்கப் போகிறார்.

சாக்ஸைக் கழற்றி எறிய நாள் பார்த்துக்கொள், வாத்தே.

குருவி


ஏப்ரல் 27

அன்புக் குருவிக்கு,

வேலை பாதிக்கு மேல் ஆகிவிட்டது. நீ கேட்டபடி ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

பழைய தரையைப் பெயர்க்க ஆரம்பித்த அன்றே மாமாவைத் தெருமுனைச் சலவைக்கடையின் பின்னறைக்கு அழைத்துப் போய்விட்டேன். கடைக்காரர் தனிக்கட்டை, பேச்சுத்துணைக்கு ஏங்குகிறவர். அந்த அறையின் தரை மேடும் பள்ளமுமாக, ஒரு மூலையில் பெயர்ந்து, பார்க்கச் சகிக்காது. மாமா இரண்டே நாளில் பழகிக்கொண்டார். "இது மண் ரோடும்மா, ஆனா ரோடு எங்க வளையுதுன்னு தெரியுது" என்கிறார். தடவிப் பார்த்தே காலுறைகளை ஜோடி சேர்க்கிறார். விரிப்புகளை மடித்து அடுக்குகிறார். தினம் சாயங்காலம் நான் போனதும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "வீட்டுக்கு எப்பம்மா?"

மண்ணைச் சமப்படுத்தி, பிளாஸ்டிக் விரித்து, அதன்மேல் காப்புப் பலகைகளை இடைவெளி இல்லாமல் அடுக்கினார்கள். நாலு விரல் கனம், தூக்கினால் தலையணை எடை. இடுக்குகளை எல்லாம் டேப் போட்டு ஒட்டினார்கள். சுவரோரம் மெத்தென்று ஒரு பட்டை. அப்போது வீடு ஒரு பெரிய பார்சல் மாதிரி இருந்தது. கான்கிரீட்டை ஒரே நாளில் கொட்டிவிட்டார்கள். மேஸ்திரி தண்ணீர் தெளித்துத் தெளித்துக் காய வைத்தார். அப்புறம் தேய்க்கிற இயந்திரம் வந்தது. சாம்பல் நிறச் சேறு வாசல் வரை ஓடியது. பக்கத்து வீட்டு அம்மாள், "வீட்டக் கழுவுறீங்களா, கரைக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நேற்று கூடத்தில் முதல் பாலிஷ் முடிந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்துச் செருப்பையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு நின்றேன். குருவி, குளிரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் வெறுங்காலோடு நான் நின்றதே இல்லை. ஜன்னலும் நானும் தரையில் தெரிந்தோம். கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு நன்றி சொல்லத் தோன்றியது. சொல்லிவிட்டேன்.

உன் ஒட்டடை


ஜூன் 9

குருவிக்கு,

மாமாவை வீட்டுக்கு அழைத்து வந்தேன். எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாள் கடத்திவிட்டேன்.

வாசற்படியில் சிரித்துக்கொண்டேதான் ஏறினார். உள்ளே இரண்டு அடி வைத்தார், நின்றார். கைத்தடியைத் தட்டினார். சத்தம் எங்கோ போய் முட்டித் திரும்பியது. முன்பெல்லாம் தட்டினால் எந்தப் பக்கம் சுவர், எந்தப் பக்கம் அலமாரி என்று அவருக்குத் தெரியும். இப்போது எல்லாப் பக்கமும் ஒரே சத்தம். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தடவினார். இப்படித் தடவினார், அப்படித் தடவினார்.

"கூடம் எங்கம்மா?"

"கூடத்துலதான் மாமா நிக்கிறீங்க."

"நடை?"

"நேரா போனா நடை மாமா."

"எங்க ஆரம்பிக்குது?"

எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை குருவி. அது எங்கேயும் ஆரம்பிக்கவில்லை.

தரை உயர்ந்ததில் மற்றதெல்லாம் இறங்கிவிட்டது. சுவிட்சைத் தேடி வெறும் சுவரைத் தடவுகிறார். கதவுக் கைப்பிடிக்கு மேலே காற்றைப் பிடிக்கிறார். முகம் கழுவும் தொட்டியின் விளிம்பு இடுப்புக்குக் கீழே இடிக்கிறது. அவர் உயரம் உனக்குத் தெரியும். பாத்ரூம் நிலையில் தலை முட்டி, ஆறிய இடத்திலேயே மறுபடி காயம்.

"ஹோட்டல் மாதிரி இருக்கும்மா" என்றார் ராத்திரி சாப்பிடும்போது. "எப்ப ரூம் காலி பண்ணணும்?" நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஒரு வாரம் லீவு போட்டு, கையைப் பிடித்து நடக்கப் பழக்கினேன். அடி அடியாக எண்ணி நடக்கப் பார்த்தார். நடுவில் யோசனை போனால் எண்ணிக்கை போய்விடுகிறது, நிற்கிற இடம் தெரியாமல் போய்விடுகிறது. லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் சாயங்காலம் கதவைத் திறந்தேன். கூடத்துக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். துணி நனைந்து, உடம்போடு ஒட்டிக் காய்ந்து போயிருந்தது. பாத்ரூமைத் தேடியிருக்கிறார். கடைசியில் சுவரைக்கூடத் தேட முடியாமல் உட்கார்ந்துவிட்டார். எந்நேரத்திலிருந்து என்று நான் கேட்கவில்லை. அவரைச் சுற்றித் தரை பளபளவென்று இருந்தது.

குளிப்பாட்டும்போது சொன்னார்: "ரூட்டை மாத்திட்டாங்கம்மா. டிரைவர்கிட்ட யாரும் சொல்லல."

கேட்காதது நீ மட்டும் இல்லை. வெதுவெதுப்பான தரைக்கு ஆசைப்பட்டு நானும் வாயை மூடிக்கொண்டேன். அதை நான் என்னோடு வைத்துக்கொள்கிறேன். இப்போது செய்ய வேண்டியது ஒன்று. சொரசொரப்பான ரப்பர் பட்டை கிடைக்கிறது. கூடத்திலிருந்து பாத்ரூம் வரை தரையில் பசை போட்டு ஒட்டிவிட்டால் காலுக்குத் தடம் தெரியும். நாளைக்கே செய்துவிடுவேன். உன்னைக் கேட்காமல் செய்தேன் என்று இருக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். சீக்கிரம் பதில் போடு.

ஒட்டடை


ஜூன் 24

அண்ணிக்கு,

படித்ததிலிருந்து தலைவலி. இங்கே ஹோட்டலில் ஆள் குறைப்பு, ஒரே ரகளை. அதற்கு நடுவில் இது.

முதலில், தயவுசெய்து தரையில் எதையும் ஒட்டாதே. பசை பட்டால் பாலிஷ் போய்விடும், பிறகு எடுக்கவே வராது. மேலே பூசியிருக்கும் பூச்சு உரிந்தால் கறை இறங்கும். விரிப்பு போடலாமே என்பாய். விரிப்பு நழுவும், விழுவார். பழகிக்கொள்வார், கொஞ்சம் பொறு. எங்கள் ஹோட்டலுக்குக் கண் தெரியாதவர்கள் எத்தனையோ பேர் வந்து போகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு நடந்தது தரையால் நடந்ததா, பகல் முழுக்க அவரைத் தனியாக விட்டதால் நடந்ததா? யோசித்துப் பார். அவர் என் அப்பா. உனக்கு அப்பா இல்லை. மாமனாரை இவ்வளவு நாள் பார்த்துக்கொண்டது பெரிய விஷயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதனாலேயே அந்த வீட்டில் எல்லாம் உன் சொற்படிதான் நடக்க வேண்டும் என்று ஆகிவிடாது. நாங்கள் வந்த பிறகு அது எங்களுக்கும் வீடுதான்.

இந்தப் பத்தியை அப்பாவுக்கு வாசிக்காதே: பெரியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற ஒரு நல்ல இல்லம் ஊருக்கு வெளியே இருக்கிறதாம். இவருடைய சிநேகிதர் சொன்னார். கூப்பிட்ட குரலுக்கு ஆள் வருமாம். சேர்த்துவிட்டால் உனக்கும் விடுதலை, வீடும் கெடாது. ஆகஸ்டில் வந்ததும் நானே பேசிப் புரிய வைக்கிறேன். அதுவரைக்கும் மூச்சு விடாதே.

கோபித்துக்கொள்ளாதே. நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

குருவி


ஜூலை 13

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இந்தப் பத்தியை அப்பாவுக்கு வாசிக்காதே" என்பதையும் சேர்த்துத்தான் வாசித்தேன். ராகம் போடவில்லை.

நடுவில் ஒரு இடத்தில், "இன்னொரு தடவ வாசிம்மா" என்றார். எந்த இடம் என்று நினைக்கிறாய்? இல்லத்தைப் பற்றி எழுதியதை இல்லை. 'வீடும் கெடாது' என்பதை.

வாசித்து முடித்ததும், "கடைசி ஸ்டாப் எதுன்னு பாப்பா சொல்லிட்டா. டிரைவருக்குத் தெரிஞ்சுபோனது நல்லதுதான்" என்றார். கம்பளிக் கோட்டை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். கைத்தடியைக் கேட்டார். வாசல் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். தெருவில் கால் வைத்ததும் கையை விட்டுவிட்டார். சலவைக்கடைக்கு எனக்கு முன்னால் நடந்தார். ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

பின்னறையை எடுத்துக்கொண்டோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் துணி மூட்டைகள். மடிக்கிற வேலைக்குக் கடைக்காரர் கூலி தருகிறார். கையில் வாங்கிய அன்று மாமா ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே இருந்தார்.

ரப்பர் பட்டை ஒட்டவில்லை. உன் தரையில் ஒரு கீறல் இல்லை. கடைசியாகப் பூட்டுவதற்கு முன்னால் துடைத்துவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மாளிடம் சாவி இருக்கிறது.

எனக்கு அப்பா இல்லை என்று எழுதியிருந்தாய். நான் பத்தாவது படிக்கும்போது என் அப்பா இறந்துபோனார். அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனது உன் அப்பாவின் பஸ். உனக்கு ஞாபகம் இருக்காது. நீ அன்று வரவில்லை.

இப்படிக்கு,
உன் அண்ணனின் மனைவி


ஆகஸ்ட் 22

ஒட்டடைக்கு,

ஒரே தெருவில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன். உன் எதிரில் உட்கார்ந்தால் பேச்சு வரமாட்டேன் என்கிறது. நீயும் டீயை வைத்துவிட்டு விரிப்புக் குவியலுக்குப் பின்னால் போய்விடுகிறாய்.

நீ எழுதியதை அரைகுறையாகத்தான் நம்பினேன். வந்து பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்ததும் (பார்த்ததும் என்று எழுதிவிட்டேன்) எழுந்து நின்று நாற்காலியைத் தடவி நகர்த்திப் போட்டார். "வாம்மா, உட்காரு. பிரயாணமெல்லாம் சௌகரியமா? எத்தனை நாள் லீவு?" என்றார். யாரோ தூரத்துச் சொந்தக்காரியிடம் கேட்கிற மாதிரி. திட்டியிருந்தால் காலைப் பிடித்து அழுதிருப்பேன். அந்த மரியாதையை என்ன செய்வது?

"வீட்டுக்கு வாங்கப்பா" என்றேன்.

"வீடு நல்லா வந்திருக்குன்னு சொன்னாங்க. நீ அனுபவிம்மா."

"உங்களுக்காகத்தாம்ப்பா போட்டேன்."

"இருக்கும்" என்றார். அப்புறம் கையில் இருந்த விரிப்பின் முனையைத் தேடி எடுத்து மடிக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு முனையை நான் பிடித்தேன். மடிப்பு சரியாக வரவில்லை. "விடும்மா, அது மருமக பிடிச்சாத்தான் வரும்" என்றார்.

நீ சிரித்திருக்கலாம். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். கரண்டி கீழே விழுந்தால் அறை அறையாக அந்தச் சத்தம் போகிறது. தரை அழகாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். எனக்கு ஒரே ஒரு பதில் போடு. பட்டை ஒட்டிவிடலாம், பாலிஷ் போனால் போகட்டும். மேஸ்திரியைக் கூப்பிட்டு நடையில் மறுபடி பலகை பதிக்கச் சொல்கிறேன். அந்த நாலு சில்லையும் எங்கே கொட்டினார்கள் என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. இல்லாவிட்டால் வேறு நாலு வாங்கிப் போடலாம். நீங்கள் இரண்டு பேரும் திரும்பி வந்தால் போதும். அப்பா நீ சொன்னால் கேட்பார். நீ சொல்வாயா?

வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். அதற்குள் ஒரு வரி.

குருவி


நவம்பர் 16

அண்ணிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. இது மூன்றாவது கடிதம். இதற்கும் வராது என்று தெரிந்தே எழுதுகிறேன்.

நாங்கள் அங்கே வந்து தங்குவது இல்லை என்று ஆகிவிட்டது. இவருக்கு இங்கேயே வேலை நீடித்துவிட்டது. வீட்டை என்ன செய்வது என்று அப்பாவிடம் போனில் கேட்டேன். "உன் இஷ்டம்மா" என்றார். அதனால் வாடகைக்கு விட்டிருக்கிறேன். நீ பார்த்திருப்பாய். சின்னஞ்சிறுசுகள், தவழ்கிற குழந்தை ஒன்று.

அந்தப் பெண் போன வாரம் எழுதியிருந்தாள். தரை அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். குழந்தையைக் கீழே விட்டால் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தடையில்லாமல் போகிறதாம், வெறும் உடம்போடு விட்டாலும் குளிர்வதில்லையாம். யார் போட்டது, இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று கேட்டிருந்தாள்.

அதோடு இன்னொன்றும் எழுதியிருந்தாள். சலவைக்குப் போட்ட துணிகளை ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரியவரும் உயரமான ஒரு அம்மாளும் கொண்டுவந்து கொடுத்தார்களாம். பெரியவருக்குக் கண் தெரியாதாம். ஆனாலும் வாசல் கேட்டின் தாழ்ப்பாளை அவரே சட்டென்று கண்டுபிடித்துத் திறந்தாராம். உள்ளே வந்து உட்காருங்கள், குளிராக இருக்கிறதே என்று இவள் கூப்பிட்டிருக்கிறாள். "பரவாயில்லம்மா, அடுத்த வீட்டுக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டு, துவைக்க வேறு துணி இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாராம். தலையணை உறைகளை என்ன அழகாக மடித்திருக்கிறார் என்று ஆச்சரியப்பட்டு எழுதியிருக்கிறாள்.

அவர் யார் என்று நான் அவளுக்கு எழுதவில்லை. நீங்களும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இப்படிக்கு,
வீட்டுக்காரி